வாசலில் விற்ற கயிறு

வேலந்தாவளம் சந்தையில் மாடு விற்கிறவர் பழைய கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாங்கியவர்தான் புதுக்கயிறு போட வேண்டும். கயிற்றுக்கடை வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று என் இரண்டு ஆடுகளையும் விற்றேன். ஒன்று நொண்டி, ஆனாலும் என் குரல் கேட்டால் ஓடிவரும். சந்தை வாசலிலேயே கடை விரித்தேன். மூன்று வாரம் ஒருவரும் சீந்தவில்லை.

நான்காவது வாரம், பெருமாட்டியிலிருந்து மாடு வாங்க வந்த ஒரு பெண்ணை மறித்தேன்.

"வெறுங்கையோட போறீங்களே அம்மிணி, மாட்டைத் தோள்லயா தூக்கிட்டுப் போவீங்க?"

சிரித்துக்கொண்டே ஒரு கயிறு வாங்கிப் போனார்.

மதியம் மாடில்லாமல் வந்து கயிற்றை என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்கய்யா, கையில கவுத்தைப் பாத்ததும் அந்தாளு வெலையைக் கொறைக்கவே மாட்டேனுட்டான். வாங்காமப் போவமாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. நல்ல செவலைங்க. வேறொருத்தரு புடிச்சுட்டுப் போயிட்டாரு."

காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

போகும்போது அவரே திரும்பினார். "கடையைப் பொறத்தால போடுங்க, மாட்டை வண்டியேத்தற எடத்துல. அங்கதான் கவுறு தேடுவாங்க."

அடுத்த வாரமே மாறினேன். கடை ஓட ஆரம்பித்தது. ஒருநாள் அவரும் ஒரு மாட்டோடு வந்து கயிறு வாங்கினார். செவலை அல்ல, கறுப்பு.

இன்றும் காலையில் யாராவது என் கடைப் பக்கமாகச் சந்தைக்குள் போனால், கயிறுகளின் மேல் சாக்கைப் போர்த்திவிட்டு, அவர்கள் மாட்டோடு திரும்பும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.