அறிக்கைக்காக நட்ட அடிபம்பு

கம்பெனி ஆண்டறிக்கையின் கடைசியில் ‘சமுதாயத்துக்கு நாங்கள்’ என்று வழவழப்பாக ஒரு பக்கம் வருமே, யாரும் படிக்காமல் புரட்டுவது, அதை எழுதிய பாவி நான். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட மற்ற பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

மஞ்சள் கிணறு

1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்களுடையது முலாம் பூசும் தொழிற்சாலை. கழுவிய தண்ணீரை ஓடையில் விட்டோம். ஓடையோரக் காலனியின் கிணறு மஞ்சளாகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல், கன்னியம்மா என்பவர் முன்னால் நிற்க, பெண்கள் காலிக் குடங்களோடு கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார்கள். அடிபம்பு போட்டுத் தருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்தார். அந்தப் பக்கத்துக்காக நடந்ததை நடந்தபடியே எழுதி அவரிடம் கொண்டுபோனேன். என்ன அசட்டுத்தனம்! மேனேஜர் முதல் பாராவை அடித்தார்.

“கிணறு கெட்டுப்போனதை எதுக்குய்யா எழுதறே? பம்பு போட்டதை மட்டும் எழுது. தானமா குடுத்த மாதிரி இருக்கணும்.”

முதலில் படம், அப்புறம் பள்ளம்

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் படம் போகணும். பூமியில் ஆழ்துளை போடுகிற போர் லாரியோ அடுத்த வாரம்தான் வரும். பம்பை முதலில் நட்டுவிடு என்றார் மேனேஜர். வெறும் தரையில் மேடை கட்டி, சிமெண்ட் பூசி, பம்பை நிறுத்தினோம். கேண்டீன் தண்ணீரைப் பின்னாலிருந்து அதன் தலையில் ஊற்ற, மூக்கு வழியாகக் கொட்டியது. கன்னியம்மா குடத்தைப் பிடித்தார், மேனேஜர் கைப்பிடியை அழுத்தினார், படம் பிரமாதமாக வந்தது. கொத்தனார் ஏழுமலைக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“இத்தினி வருஷமா வேலை செய்றேன் சார். அடியில ஒண்ணுமே இல்லாம மேல பூசினது இதான் மொத தபா.”

லாரி வந்தது

சொன்னபடி லாரி வந்தது. பம்பை இடித்தால்தான் துளை போட முடியும் என்றார் போர்க்காரர். மேனேஜர் ஒப்பவில்லை. பக்கத்தில் இன்னொன்று போடலாமே என்றேன். அறிக்கையில் ஒரு பம்பு என்று இருக்கும்போது ஊரில் இரண்டு எப்படி இருக்கும் என்று என்மேல் பாய்ந்தார். லாரி வந்த வழியே போயிற்று. மேனேஜர் எனக்குப் பாடம் எடுத்தார்.

“‘நல்ல நிலையில் இயங்குகிறது’னு அச்சாயிடுச்சு. இப்ப இடிச்சா நாம சொன்னது பொய்யாயிடாதா?”

புத்தகம் கொடுத்த நாள்

காலனிக்கு அறிக்கையின் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். கன்னியம்மா அப்போதும் தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டுதான் வந்தார். குடத்தை இறக்கி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இதுல கீற தண்ணிய அன்னிக்கே குடிச்சிட்டோம் சார். மறுபடி எப்போ படம் புடிக்க வருவீங்க?”

அந்தப் பக்கத்தை எல்லோரும் பாராட்டினார்கள், அடுத்த வருஷமும் என்னையே எழுதச் சொன்னார்கள், நானும் எழுதினேன்.