சுரண்டி எடுத்த பெயர்

கேரளத்தில் எந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கினாலும் அதில் வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். கேஸ் கனெக்‌ஷனானாலும் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் சரி. ஊரிலிருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். நமக்குக் கதவு எண் உண்டு, தெரு உண்டு. வீட்டுக்கு ஏது பெயர்? திருநெல்வேலிக்காரனான நான் திருவனந்தபுரம் கரமனையில் சைவ மெஸ் நடத்துகிறேன். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். தமிழன்தானே என்று கவுண்டரில் விட்டுவிடுவார்கள். உண்மையில் எனக்கு ஒரு வீட்டுப்பெயர் இருந்தது.

தெக்கே விளாகம். தம்பானூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் துறைமுக ஊரில், கடலைப் பார்த்த ஓலை வீடு. கடல்சுவருக்குக் கல் சுமக்க வந்த என் அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபோது எனக்கு ஏழு வயது. மீன் விற்கும் திரேசியாம்மா தன் நாலு பிள்ளைகளோடு என்னையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். பள்ளியில் அந்த வீட்டுப்பெயரைத்தான் எழுதினார்கள். மத்தி வறுத்தால் மொறுமொறுப்பான வால் பக்கத்தை மூத்தவள் செலின் சேச்சி எனக்கென்று ஒதுக்கி வைப்பாள். நாலு வருஷம் கழித்து, கரமனையில் சமையல் வேலை பார்த்த தாய்மாமா தேடி வந்து அழைத்துப்போனார். தலையோடு குளிக்க வைத்து, "அங்க தின்னதையெல்லாம் வெளிய சொல்லிறாத, கேட்டியா?" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று மெஸ் சுவரில் எழுதி வைத்திருப்பவனும் நான்தான்.

போன வருஷம் செலின் சேச்சி எப்படியோ நம்பர் வாங்கி அழைத்தாள். பழைய துறைமுகக் கிடங்கை மியூசியமாக்கியிருக்கிறார்களாம். படகில் தப்பி வந்தவர்கள், அனாதையாக நின்ற பிள்ளைகள் என்று அந்த ஊர் சேர்த்துக்கொண்ட எல்லோருடைய கதையும் அங்கே இருக்கிறதாம். டிக்கெட் கொடுப்பது அவள்தான். "எடா, நின்றெ படம் வெச்சிட்டுண்டு. வந்து காணணும்."

போனேன். திரேசியாம்மாவைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். கீழே ஐந்து பெயர்கள். என் பெயருக்குப் பக்கத்தில், கரமனையில் மெஸ் நடத்துகிறார் என்று பெருமையாக வேறு போட்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. மகளுக்குத் திருநெல்வேலியில் சுத்த சைவக் குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம்.

"சேச்சி, இது வேண்டாம். எடுத்திடணும்."

அவள் சிரித்தாள். "குட்டிக்காலத்தெ படம் வேண்டே? இப்போழத்தெ ஒண்ணு தா, அது வெக்காம்."

படமில்லை, பெயர்தான் என்றேன். காரணத்தையும் மென்று விழுங்கிச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. "ஞங்ஙளுடெ மீன் கூட்டியதாணோ நினக்குக் குறச்சில்?" என்று கேட்டாள், எங்கள் மீனைத் தின்றதுதான் உனக்குக் கேவலமா என்று. மேஜையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து நீட்டினாள். "நீ தன்னெ எடுத்தோ."

ஸ்டிக்கர் எழுத்துதான். ஆனாலும் லேசில் வரவில்லை. என் பெயரையும் பக்கத்திலிருந்த மெஸ் வரியையும் நானே சுரண்டினேன். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

கரமனையில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் சம்பந்தி வீட்டார் துறைமுகம் பார்க்க வேண்டும் என்றார்கள். வேறு இடம் காட்டுகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. துறைமுகத்தில் இறங்கியதும் மழை பிடித்தது. ஒதுங்குவதற்கு அந்தக் கிடங்கை விட்டால் வேறு இடமில்லை. சேச்சி என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

சம்பந்தியம்மா அந்தப் படத்தின் முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். கீழேயிருந்த இங்கிலீஷ் குறிப்பைப் படித்ததில் கண் கலங்கியிருந்தது. "மீன் வித்து நாலு பிள்ளையளப் பாத்துக்கிட்டு, ஒரு அனாதைப் பயலையும் வளத்திருக்காளே! என்ன மனசு பாருங்க. இந்தப் பய பேரு மட்டும் ஏன் இல்ல? இப்ப எங்க இருக்கானாம்? கேளுங்க அண்ணாச்சி."

இப்படி மனசுள்ளவர்களுக்குப் பயந்தா சுரண்டினேன் என்று உடம்பு கூசியது. அப்போதாவது, 'அது நான்தான் அம்மா' என்று சொல்லியிருக்கலாம். இப்போது மகளின் கல்யாணம் முடிந்த பிறகுதான் எழுதவே துணிகிறேன் என்றால் என் யோக்கியதை உங்களுக்கே புரியும். சேச்சியிடம் அவர் கேட்டதை மலையாளத்தில் கேட்டேன். என் முகத்தை நேராகப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

"அவன் போயி. பின்னெ வந்நிட்டில்லா."

"என்ன சொல்றா?" என்றார் சம்பந்தியம்மா.

"போனவன் திரும்பி வரவே இல்லையாம்" என்று தமிழில் சொன்னேன்.