மாடிப் பெட்டியில் வியாகுலத்தின் குரல்

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் எபனேசருக்கு யார் பேச்சையும் முழுசாகக் கேட்கும் பொறுமை கிடையாது. அந்தக் குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

எடுத்த படங்களைச் சேமிக்க மாடியில் ஒரு பெட்டி வைத்திருந்தார். உள்ளே டிஸ்க்குகள், அதிலிருந்து ஒரு கேபிள் கீழே கடைக்கு வரும். கம்ப்யூட்டரில் பார்த்தால் சாதாரண டி டிரைவ் போலத்தான் தெரியும். அதை மாட்டித் தந்த காஜா முகைதீன் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, இத ஒரு கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் மாட்டணும். ரெண்டுல மாட்டுனா ரெண்டும் இது என் சொந்த டிஸ்க்குன்னு நெனச்சுக்கிடும். ஒண்ணு எழுதுதது இன்னொண்ணுக்குத் தெரியாது. மேல மேல எழுதி நாசமாக்கிரும்.”

“சரிவே, சரிவே” என்றார் எபனேசர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்கள் நடக்காது. ஈஸ்டர் முடிந்ததும் அத்தனையும் சேர்ந்து வந்து குவியும். எடிட்டிங் ஒரு ஆளால் முடியவில்லை. மனைவி டார்லினை இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, அதிலும் அதே பெட்டியை மாட்டினார்.

“வேண்டாம்னு காஜா சொன்னாருல்லா?”

“நம்ம டிஸ்க்குல நாம எழுதுததுக்கு அவன்ட்ட கேக்கணுமாக்கும்?”

முதலில் ஒரு குறையும் தெரியவில்லை. டி டிரைவில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் கேமரா கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோனார். பிறகு ஒரு காலையில் பார்த்தால் ஃபைல் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. உள்ளே பாதிக்கு மேல் நாசம். காஜா வந்து மீட்டுக் கொடுத்தது கொஞ்சம்தான்.

அந்தச் சமயத்தில் புன்னக்காயலிலிருந்து அபிஷா வந்தாள். அவள் கல்யாணமும் அதில்தான் இருந்தது. வரவேற்பில் அவள் அப்பா வியாகுலம் மைக்கைப் பிடித்து மகளை வாழ்த்திப் பேசியிருந்தார். அடுத்த மாதமே வள்ளம் கவிழ்ந்து கடலோடு போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் போனில் எடுத்ததெல்லாம் ஆட்டமும் பாட்டும்தான். அவர் பேசியது வேறு எதிலும் இல்லை.

எபனேசர் மறைக்கவில்லை. மிஞ்சியதைப் போட்டுக் காட்டினார். வியாகுலம் மேடையேறுகிறார். மைக்கை வாங்குகிறார். தொண்டையைச் செருமுகிறார். வாயைத் திறக்கிறார். அதோடு படம் கட்டம் கட்டமாக உடைந்து ஒரே இரைச்சல்.

அவள் திட்டுவாள் என்று எபனேசர் தலைகுனிந்து நின்றார். திட்டியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆத்திரம்.

“இன்னொருக்கப் போடுங்க அண்ணாச்சி” என்றாள் அபிஷா. போட்டார். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

“அப்பா செருமுதது நல்லாக் கேக்கு. அதையாவது இதுல ஏத்தித் தாங்க.”