புது விளக்கைப் பழசாக்கச் சொன்னவர்

மஞ்சள் பூத்துப்போன கார் முகப்பு விளக்குகளைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவதுதான் அவள் பிழைப்பு. கிழட்டு வண்டிக்கும் பார்வை கொடுப்பவள் என்று அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் அவளைக் 'கண் டாக்டரம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

அன்று மத்தியானம் ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இடது விளக்கு பழுத்த மஞ்சள். வலது விளக்கோ புத்தம் புதுசு.

"மஞ்சளா இருக்கிறதைத் தேய்ச்சிடவா சார்?"

"அதைத் தொடாதம்மா. புதுசைத் தேய்ச்சு அதே மாதிரி பழசாக்கிடு."

நனைத்துக்கொண்டிருந்த உப்புத்தாளை அவள் கீழே வைத்தாள். புறவழிச்சாலையில் பால்காரரை அடித்துப் போட்டுவிட்டு முன்விளக்கு உடைந்தும் நிற்காமல் போன வெள்ளைக் காரைப் போலீஸ் தேடுவது ஊரறிந்த சங்கதி.

"மங்கினதைத் துலக்கத்தான் சார் எனக்குத் தெரியும். மங்க வைக்கத் தெரியாது."

அவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்," என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் காவல் நிலையத்துக்குப் போய் வண்டி எண்ணைச் சொன்னாள். ஏட்டு தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அதே கார் பட்டறை வாசலில் மெல்ல வந்து நின்றது. இப்போது இரண்டு விளக்கும் ஒரே மஞ்சள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"உங்க வீட்டுக்காரர் சைக்கிள்லதான வேலைக்குப் போறாரு? ஓரமாப் போகச் சொல்லும்மா."

கார் நகர்ந்ததும் அவள் ஈரக் கையோடு கணவனுக்குப் போன் போட்டாள்.

"சைக்கிளை அங்கயே போட்டுட்டு பஸ்ல வந்துடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"வாங்க, சொல்றேன்," என்றாள். அவன் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் வாசல் கதவைத் தாழிட்டாள்.