எட்டு மாதம் எங்கே இருந்தாய்

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் பொன்னேரிக்குப் பக்கத்தில். நைனா ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். பிறகு ரயில்வே லைனில் ஜல்லி போடும் வேலைக்குப் போனார். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய முதல் பெண் நான். டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் இரண்டு பெண்களின் குரல் கேட்க ஆரம்பித்தது.

அவர்கள் என்னிடம் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசினார்கள். "பாரு, சோத்துல கை வெக்கிறா பாரு" என்பாள் ஒருத்தி. மற்றவள் சிரிப்பாள். அடுத்த வீட்டுப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். நடு வயலில் தனியாக நின்றபோதும் அதே சிரிப்பு கேட்டது. சாப்பிடுவதை நிறுத்தினேன். ஒருநாள் கிணற்று மேட்டிலிருந்து என்னை இழுத்து வந்தார்கள். மறுநாள் நைனா என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே எட்டு மாதம் இருந்தேன். தெருவில் யார் கேட்டாலும் அம்மா, "நெல்லூர்ல அத்த ஊட்ல இருக்கா" என்று சொல்லிவந்தாள். எனக்கு நெல்லூரில் அத்தை கிடையாது.

கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வகுப்பு நடந்தது. குணமாகி வெளியே போகிற இளவயதுக்காரர்கள் வேலைக்குப் போய் நாலு பேரோடு பழகுவதற்கான வகுப்பு. தகரக் கொட்டகை, ஒரு மேஜை, நாற்காலிகள். பெண்கள் மூன்று பேர் ஒரு பக்கம், ஆண்கள் நான்கு பேர் எதிர்ப்பக்கம். நடத்தியவர் கதர்ப்புடவை கட்டிய ஒரு பெண்மணி. மிஸ் என்று கூப்பிடுவோம்.

மிஸ் சொல்லிக்கொடுத்தவற்றை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது. உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது. பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்பது, ஆனால் முறைக்காமல் பார்ப்பது. லீவு கேட்பது. பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்பது. மாத்திரையால் எங்கள் எல்லோருக்கும் கை நடுங்கும். டீ சிந்தாமல் டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிப்பதைக்கூடப் பழகினோம்.

எனக்கு அந்தக் கொட்டகைக்குள் போவதற்கே பயம். வார்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அங்கே ஆறு பேர் பார்த்தார்கள்.

எங்களில் ஒருவர் மீஞ்சூர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், லேத் வேலை தெரிந்தவர். வகுப்பில் நாடகம்போல ஒருவர் முதலாளியாகவும் இன்னொருவர் வேலை கேட்டு வருபவராகவும் நடிக்க வேண்டும். முதலாளி வேஷம் பெரும்பாலும் அவருக்குத்தான். என்னிடம் முதல் கேள்வியே, "எட்டு மாசம் எங்கம்மா இருந்தே?" என்று கேட்டார். நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொய் சொல்ல வேணாம். எல்லாத்தையும் சொல்லவும் வேணாம்," என்றார் மிஸ். "உடம்பு சரியில்லாம இருந்தேன், இப்ப டாக்டர் வேலைக்குப் போகலாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைகூட முழுதாக வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் வகுப்பு நடக்கும்போது அந்த மீஞ்சூர்க்காரர் பேச்சின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கண் ஒரே இடத்தில். உதடு மட்டும் அசைந்தது. பின்னாலிருந்து ஒரு வார்டு ஊழியர் வந்து தோளைத் தொட்டார். தொட்ட மறுகணம் அவர் கை வீசியதில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மணிக்கட்டெல்லாம் ரத்தம். மிஸ் கிட்டே போகவில்லை. எதிரே அவர் பார்க்கும்படி நின்று, மெதுவாக, "நான்தான். நீங்க கொட்டகையில இருக்கீங்க. உக்காருங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. நானும் வெளியில் ஒருநாள் இப்படி நின்றுவிட்டால்?

வீட்டுக்கு வந்த பிறகு மிஸ் எழுதிக்கொடுத்த சிபாரிசுச் சீட்டோடு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அப்போதுதான் அங்கே வயல்களுக்கு நடுவில் ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. டார்ச் லைட்டுக்குப் போடும் குட்டி பல்பு செய்யும் ஒரு சின்ன கம்பெனி. நைனா கேட்டுக்கு வெளியே நின்றார்.

முதலாளி சீட்டைப் பார்க்கவே இல்லை. "கைய நீட்டும்மா," என்றார்.

இதை நாங்கள் பழகவில்லை. நீட்டினேன். விரல்கள் பத்தும் ஆடின.

"இன்னா இப்டி நடுங்குது?"

"பயமா இருக்கு சார்," என்றேன். அது உண்மைதான். மாத்திரையும் உண்மைதான். ஒன்றை மட்டும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பயப்படற பொண்ணு பல்ப ஒடைக்காது. திங்கக்கெழம வா."

எட்டு மாதம் எங்கே இருந்தாய் என்ற அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இனி எந்த நாளில், யார் கேட்பார்களோ என்ற பயம்தான் வந்தது.

பெஞ்சில் நான்கு பெண்கள். ஒவ்வொரு பல்பையும் ஒரு ஹோல்டரில் வைத்து அழுத்த வேண்டும். எரிந்தால் ஒரு தட்டு, எரியாவிட்டால் இன்னொரு தட்டு. என் பக்கத்தில் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்திலிருந்து வந்த ஒரு அக்கா. மற்ற இருவரும் என் வயதுப் பெண்கள்.

வேலை பழகிவிட்டது. பழகாதது மத்தியானச் சாப்பாடு. டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம், சோற்றில் கை வைப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பேன். "சாப்டாச்சாக்கா?" என்று ஒருநாள் அந்த அக்காவிடம் கேட்டேன். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்.

"இன்னாடி இது, கண்ணு முன்னாலதான துன்னுகினு இருக்கேன்," என்றார் அவர். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். பிறகு அவர் வறுத்த சென்னாங்குன்னிப் பொடி இறாலில் ஒரு பிடி அள்ளி என் சோற்றில் வைத்தார்.

மெஷின் ஓடும் சத்தத்துக்குள் சில நாள் எனக்கு மட்டும் கேட்கும் அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். மெல்லிய குரலில்தான். பெஞ்சின் விளிம்பில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு அடுத்த பல்பை எடுப்பேன். எடுத்துக்கொண்டே இருந்தால் போய்விடுவார்கள். முகத்தில் ஏதும் தெரிகிறதா என்று கக்கூஸுக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பேன்.

நான்காம் மாதத்தில் ஒரு காலை, பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவுக்குப் புது ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தேன். மீஞ்சூர்க்காரர்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நொடிதான். பார்வையைத் திருப்பிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். அன்று முழுக்க அவர் என் பக்கம் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ரயிலடியில் அவர் ஒரு கோடியில் நின்றால் நான் மறு கோடியில் நிற்பேன். ஒரே பாசஞ்சரில் வெவ்வேறு பெட்டியில் ஏறுவோம். இரண்டு பேரும் எதையும் பேசி முடிவு செய்யவில்லை. அவர் வாயைத் திறந்தால் எனக்கு வேலை போகும், நான் திறந்தால் அவருக்குப் போகும். அவரைப் பார்க்காமல் கடந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியாகவும் அசிங்கமாகவும் இருந்தது.

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் மத்தியானத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் போட்ட சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. மீஞ்சூர்க்காரர் பல்புத் தட்டுகளை மாற்றி அடுக்கிவிட்டாராம்.

"ஏய், உன்னத்தான் கேக்குறேன். எவன்டா இத இங்க வெக்கச் சொன்னது?"

எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடிப் பல்புகள் அடுக்கிய தட்டுகள். நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். கண் ஒரே இடத்தில். உதடு அசைந்தது.

"பைத்தியம் மாரி நின்னுகினு கீறான் பாரு," என்றான் லோடு தூக்கும் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் அவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தோளைப் பிடித்துத் திருப்பத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஜன்னல் கண்ணாடி ஞாபகம் வந்தது. அவரைத் தொடக் கூடாது என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். யாராவது போங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"சார், தொடாதீங்க," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அவரத் தொடாதீங்க சார். அவருக்கு ஒடம்பு சரியில்ல. நான் வெளிய கூட்டிக்கினு போறேன்."

சூப்பர்வைசர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். "உனக்கு எப்டித் தெரியும்? அவன் உனக்கு யாரு?"

உறவுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். ஊர்க்காரர் என்று சொல்லியிருக்கலாம். யோசிக்கத் தெம்பில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரில இருந்தோம் சார்."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நான் அவருக்கு எதிரே, எட்டி நின்றேன். "நான்தான். நீங்க கம்பெனியில இருக்கீங்க. வாங்க, வெளிய போலாம்." எத்தனை தடவை சொன்னேனோ. கடைசியில் அவர் கண் அசைந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற லாரி நிழலில் போய் உட்கார்ந்தோம். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

"நீ சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "இப்ப உனக்கும் போச்சு."

சாயங்காலம் அவர் அண்ணன் வந்து அழைத்துப் போனார். அதன் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். மேஜைக்கு முன்னால் நின்றேன். "எட்டு மாசம் அங்கதான் இருந்தியா?"

"ஆமா சார். ஒடம்பு சரியில்லாம இருந்தேன். இப்ப டாக்டர் வேலைக்குப் போலாம்னு சொல்லிட்டாரு."

"மாத்திர துன்றியா?"

"துன்றேன் சார்."

அவர் ஜன்னல் வழியாகத் தட்டுகள் அடுக்கிய பக்கம் பார்த்தார். "நேத்து நீ எந்திரிக்கலன்னா அத்தன தட்டும் போயிருக்கும். ஆளுக்கும் அடி பட்டிருக்கும். போய் வேலையப் பாரு." பெரிய மனசோடு சொன்னார் என்று சொல்லமாட்டேன். முகத்தில் தயக்கம் இருந்தது. ஆனாலும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

பெஞ்சுக்குத் திரும்பினேன். என் வயதுப் பெண்கள் இருவரும் ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கும் வேறு இடம் போனார்கள். அந்த அக்கா மட்டும் இருந்தார். டிபன் பாக்ஸைத் திறக்காமல் என்னையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. எம் மேல கைய கிய வெச்சிடுவியா?"

"மாட்டேன்க்கா."

"நெசமா?"

"நெசமாக்கா. எனக்குத்தான் எல்லாரையும் பாத்தா பயமா கீது."

"சரி, துன்னு," என்றார். அவருக்கும் பயம் போகவில்லை. அன்று முழுக்க ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் ஸ்டூலை நகர்த்தவில்லை.

ஸ்டூலை நகர்த்திய இரண்டு பெண்களில் ஒருத்தி ஒரு மாதத்தில் என் பக்கம் திரும்பி வந்தாள். மற்றவள் கல்யாணமாகிப் போகும்வரை என்னோடு பேசவில்லை.

அடுத்த பொங்கல் கழிந்து, மீஞ்சூர் ஸ்டேஷனில் அவருடைய அண்ணனைத் தற்செயலாகப் பார்த்தேன். ரயில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலருகே வந்து பேசினார். "எங்கூட சைக்கிள் கடயில கீறான். உன்னப் பத்திக் கேட்டுக்கினே இருப்பான், வேல இருக்கா இருக்கான்னு."

போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் போகவில்லை. திட்டினால் என்ன செய்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒருநாள் மீஞ்சூரில் இறங்கிவிட்டேன்.

அவர் கடை வாசலில் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. அடித்து முடித்து, விரலால் அழுத்திப் பார்த்து, சைக்கிளைக் காத்திருந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

"வேல இருக்கா?" என்றார்.

"இருக்கு," என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, புடவையில் கிரீஸ் படாத இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டு, டீ சொல்லப் போனார்.