யோரிஸ் செதுக்கிய முற்றுகை

என் அக்காள் புருஷன் யோரிஸுக்குப் போர் என்றால் உயிர். எங்கள் ஆண்ட்வெர்ப் நகர மதிலைத் தாண்டி அவன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. சந்தையில் இரண்டு நாய்கள் கடித்துக்கொண்டால்கூட அடுத்த சந்தில் புகுந்து போகிற வீரன். ஆனாலும் எந்த ஊர்க் கோட்டையை முற்றுகையிட்டாலும் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு விற்பது அவன்தான். கொத்தளம், பீரங்கி மேடு, கூடாரம் எல்லாம் பழைய படங்களில் திருடியவை. தெரியாத இடம் வந்தால் அங்கே ஒரு பூவேலைச் சட்டம் போட்டு, உள்ளே படைத்தலைவர் பெயரைப் பெரிதாக எழுதி மூடிவிடுவான். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான். இவன் அதைக் கலை என்பான். அச்சான படங்களுக்கு வண்ணம் தீட்டுவது என் பிழைப்பு.

அந்த வருஷம் ஆற்றங்கரைக் கோட்டை விழுந்தது. அங்கே பதுங்குகுழி வெட்டப் போன என் கணவன் லாம்பெர்ட் திரும்பி வந்தான். அவன் தம்பி தோபியாஸ் வரவில்லை. மண் இளகிக் கிடக்கிறது, வேண்டாம் என்று வெட்டுகிறவர்கள் கெஞ்சியும், மதகுக்குப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும் என்று படைத்தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். ஆறு உள்ளே புகுந்தது. உடல்களை யாரும் தோண்டி எடுக்கவில்லை.

யோரிஸ் பீர் வாங்கிக் கொடுத்து லாம்பெர்ட்டின் வாயைக் கிளறினான்.

"சகலை, ஒண்ணு விடாம சொல்லு. அப்படியே செதுக்கிடறேன்."

"சொல்றேன். ஆனா மதகு பக்கம் நாங்க வெட்டுன குழிய நீ போடணும். தம்பிக்குக் கல்லறை கிடையாது. அம்மாவுக்குக் காட்ட ஒரு எடமாவது வேணும்."

"இதெல்லாம் ஒரு விஷயமா? என் தலை மேல சத்தியம்."

லாம்பெர்ட் எல்லாவற்றையும் கொட்டினான். பீரில் விரலைத் தொட்டு மேசையில் வரைந்துகூடக் காட்டினான்.

முதல் பிரதி என் கைக்கு வந்தது. மற்றதெல்லாம் அவன் சொன்னபடியே இருந்தது. மதகு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூவேலைச் சட்டம். அதைத் தாங்கிக்கொண்டு தின்று கொழுத்த இரண்டு குட்டித் தேவதைகள். நடுவே படைத்தலைவர் பெயர்.

"என்ன அத்தான் இது? இந்த எடமும் உங்களுக்குத் தெரியாதா?"

"ஏம்மா, படத்த வாங்கப் போறதே அந்தத் தொரைதான். அவர் மூழ்கடிச்ச குழிய அவருக்கே வரைஞ்சு காட்டச் சொல்றியா? எனக்குக் குடும்பம் இருக்கு."

"முதுகெலும்புதான் இல்ல."

அவன் கூச்சமே இல்லாமல் சிரித்தான். தேவதைகளுக்குப் பொன் வண்ணத்தைத் தாராளமாகப் போடு என்று சொல்லிவிட்டு, பொரித்த மீன் ஆறிவிடும் என்று வீட்டுக்கு ஓடினான். அவன் முகத்தில் காறித் துப்பாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

வண்ணம் தீட்டாமலே படத்தை எடுத்துப் போனேன். லாம்பெர்ட் வெகுநேரம் பார்த்தான். தன் அம்மாவை ஜன்னலருகே கூட்டி வந்து, அவள் விரலைப் பிடித்து, ஒரு தேவதையின் தொப்பைமேல் வைத்தான்.

"இதுக்கு அடியிலம்மா" என்றான்.