நின்னா நின்னதுதான்

ராணுவ விமான எஞ்சின்களைச் சோதிக்கும் கொட்டகையில் அரசாங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு ‘நின்னா நின்னதுதான்’ என்று பட்டப்பெயர். எஞ்சின் நூறு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிக்குப் பணம். நடுவில் ஒரு தடவை இருமி நின்றாலும் மனுஷன் ஈவிரக்கமில்லாமல் முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பார். மழை, தூசி என்று கம்பெனி மேனேஜர் சொல்லும் எந்தச் சாக்கும் அவரிடம் செல்லாது.

அப்பேர்ப்பட்டவரின் ஸ்கூட்டர், ஆபீஸ் வருவதற்குள் மூன்று தடவை படுத்துவிடும். வழியில் தபாலாபீஸில் இறங்க வேண்டிய மனைவிதான் பதினோரு வருஷமாகத் தள்ளுகிறாள்.

“இத வித்துத் தொலைங்களேன்.”

“வண்டி மேல தப்பில்ல. பெட்ரோல் சரியில்ல.”

ஒருநாள் அவள் தள்ளிக்கொண்டிருந்தபோது மேனேஜரின் கார் பக்கத்தில் வந்தது.

“என்ன சார், நின்னுபோச்சா?”

“நிக்கல. சூடு ஆறட்டும்னு நான்தான் நிறுத்தினேன்.”

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனைவி மறுபடி தள்ள ஆரம்பித்தாள்.

மறுநாள் மேனேஜரின் அறிக்கை அதிகாரியின் மேசைக்கு வந்தது: ‘எஞ்சின் ஒருமுறையும் நிற்கவில்லை. சூடு ஆறட்டும் என்று ஏழு முறை நாங்களே நிறுத்தினோம்.’ அதைக் கொண்டுவந்த மேனேஜர் எதிரிலேயே சிரித்த முகமாக உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

“பழைய இரும்புக் கடைக்காரர சாயந்திரம் வரச் சொல்லு. ஸ்கூட்டர எடுத்துட்டுப் போகட்டும்.”

“ஏன், வண்டி மேலதான் தப்பே இல்லையே?”

அவர் போனை வைத்துவிட்டு, அறிக்கையை மேனேஜர் பக்கம் நகர்த்தினார்.

“முதல்லேர்ந்து ஓட்டுங்க.”